மூங்கில் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது, அவசரம்

செல்வி_கொல்லை: வணக்கம். வீட்டுப் பின்பக்கம் மூங்கில் இருக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது. நேற்று பக்கத்து வீட்டுப் புல்தரையில் நாலு குருத்து முளைத்து, அவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். என்ன ஊற்றினால் சாகும்?

பாத்தி_ரவி: எந்த ஊர் அக்கா? என்ன மூங்கில்? நீங்கள் நட்டதா?

கொடிக்கால்: கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். நான் எதற்கும் அதைத்தான் செய்வேன்.

பாத்தி_ரவி: உப்பு வேண்டாம். மண் கெட்டுவிடும், அப்புறம் புல்கூட வராது.

செல்வி_கொல்லை: மன்னிக்கவும். அமெரிக்கா, கனெக்டிகட். வீடு வாங்கும்போதே இருந்தது. எங்கள் சத்தியமங்கலம் பக்கம் மூங்கில் ஒரே புதராக நின்ற இடத்தில் நிற்கும். இது 15 அடி தள்ளி எட்டிப் பார்க்கிறது. இத்தனை பனியிலும் சாகவில்லையே!

வேரடி_மூர்த்தி: மாதம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள், மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளை யாரும் புரட்டுவதில்லை. பச்சைக் கழியில், கிளை விடும் பக்கத்துப் பள்ளம் மட்டும் மஞ்சளாக இருக்கிறதா? அடிக்கணுக்கள் சிலவற்றில் கோணல்மாணலாக வளைந்திருக்கிறதா? அப்படியானால் அது எல்லோ க்ரூவ், ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியோசல்கேட்டா. சீனத்து இனம், மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நம் ஊர் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் புதர் கட்டும். இது மண்ணுக்கடியில் வேர்த்தண்டை நீட்டி ஓடும். இதுகூடத் தெரியாமல் மருந்து கேட்டால் எப்படி?

பாத்தி_ரவி: ஐயா, தெரிந்தால் ஏன் கேட்கப் போகிறார்? அக்கா, கனெக்டிகட்டில் 2013 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, எல்லை தாண்ட விடக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசிவிடுங்கள். வேர்த்தண்டு பெரும்பாலும் மேல்மண்ணில் ஓர் அடிக்குள்தான் ஓடும். எல்லையோரம் வாய்க்கால் தோண்டி, குறுக்கே வருவதை எல்லாம் அறுத்து எடுங்கள். பிறகு இரண்டரை அடி அகல எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) தகடு இறக்கி, 2 அங்குலம் மண்ணுக்கு மேலே தெரிய விடுங்கள். மேல்விளிம்பு மூங்கிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால், மோதும் வேர் மேலே திரும்பிக் கண்ணில் படும். அறுத்துவிட்ட பக்கத்தில் முளைக்கும் குருத்தை எல்லாம் ஒடித்துக்கொண்டே இருந்தால், இலை இல்லாமல் சேமிப்புத் தீர்ந்து ஓய்ந்துவிடும். ஒரு வருடத்தில் முடியாது, பொறுமை வேண்டும்.

குடகுக்_காப்பி: ஒடித்த குருத்தை எறியாதீர்கள்! ஃபில்லோஸ்டாக்கிஸ் குருத்துகளில் கசப்புக் குறைவானது இது. எங்கள் வீட்டில் மழைக்காலம் என்றாலே மூங்கில் குருத்துக் குழம்புதான்.

கொடிக்கால்: மூங்கில் குருத்து விஷம். ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்களா?

குடகுக்_காப்பி: பச்சையில் சயனைடு தரும் பொருள் உண்டு, அதை யார் மறுத்தது? மட்டை உரித்து, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் 20 நிமிடம் அவித்துத் தண்ணீரைக் கொட்டினால் போய்விடும். மரவள்ளியை நாம் சாப்பிடவில்லையா?

கொடிக்கால்: மரவள்ளி வேறு, இது வேறு.

வேரடி_மூர்த்தி: இழை குருத்துக்கு ஓடிவிட்டது. மூன்று வயது தாண்டிய கழிகளைக் குளிர்காலத்தில் வெட்டுங்கள், அப்போது மாவுச்சத்து குறைவு, வண்டு துளைக்காது. ஏணிக்கு ஆகாது, பாகல் பந்தலுக்குப் போதும்.

செல்வி_கொல்லை: பள்ளம் மஞ்சள்தான். சனிக்கிழமை தோண்டினோம், பக்கத்து வீட்டுக்காரரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். குருத்தை அவித்துத் தேங்காய் போட்டுப் பொரித்தேன். தகடு இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் நன்றி.

பாத்தி_ரவி: தகடு எத்தனை மில்லிமீட்டர் கனம் சொல்லியிருக்கிறீர்கள்? 1.5க்குக் குறைந்தால் துளைத்துவிடும்.