தப்பி ஓடுவதற்கான ஆங்கிலச் சொற்கள்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ பிள்ளைகளுக்காக, தப்பி ஓடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வருகிறேன்.

போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினால் ஃப்ளீ. அதன் இறந்தகாலம் ஃப்ளெட்; பறப்பதைக் குறிக்கும் ஃப்ளையின் இறந்தகாலமான ஃப்ளூ அல்ல. பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பணத்தைச் சுருட்டிக்கொண்டு தலைமறைவானால் அப்ஸ்காண்ட். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டால் எலோப். 1962-இல் அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து மூன்று கைதிகள், மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த தெப்பத்தில் கிளம்பினார்களே, அதற்கு பிரேக் அவுட். அப்புறம் போலீஸ் கையில் சிக்காமல் திரிவதை அமெரிக்கர்கள் ஆன் த லாம் என்பார்கள்.

டேக் டு யுவர் ஹீல்ஸ் (ஓட்டம் பிடிப்பது) மாதிரி பேச்சுவழக்குத் தொடர்கள்தான் எனக்கு இன்னும் வேண்டும். தெரிந்தவர்கள் ஒரு வாக்கியத்தோடு போடுங்கள். பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா என்றும் குறிப்பிட்டால் பெரிய உதவி.