புதுப்பிப்பு: பனியில் நொண்டிய எங்கள் நாய்

டொராண்டோப் பனியில் இறங்கிய பத்தே நிமிடத்தில் எங்கள் நாய் நொண்டுகிறாள் என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. விரலிடுக்கு முடியில் பனி ஒட்டி, சுண்டைக்காய் அளவில் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. பிடுங்கினால் கத்துகிறாள்; வெதுவெதுப்பான நீரில் காலை வைத்தால் தானே கரைகிறது. அந்த முடியை ஒட்டக் கத்தரித்து, வெளியே போகுமுன் பாத மெழுகு தடவுகிறேன்.

பதிலில் நீங்கள் சொன்ன நாய்க் காலணியும் வாங்கினேன். சூடான தோசைக்கல்லில் நிற்பவள்போல் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறினாள்! வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் பழக்க வேண்டியிருந்தது. பனி உருக நடைபாதையில் தூவும் உப்பை நக்கினால் வாந்தி வரலாம்; திரும்பியதும் பாதத்தையும் வயிற்றையும் கழுவித் துடைக்கிறேன். நேற்று மைனஸ் 8 டிகிரியில் கால்மணி நேரம் துள்ளினாள். ஸ்வெட்டரோடு மட்டும் இன்னும் சண்டைதான்.