புதுப்பிப்பு: பெரியப்பாவின் வேர்டு திரை சரியாகிவிட்டது

பெரியப்பாவின் ஆவணத்தில் சொற்களுக்கு இடையே புள்ளிகளும், பத்தி முடியுமிடமெல்லாம் புரியாத குறிகளும் தோன்றுவதாகவும், பக்கங்களின் மேல், கீழ் ஓரங்கள் மறைந்துவிட்டதாகவும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது இரண்டும் தீர்ந்துவிட்டன.

அந்தப் புள்ளிகள் இடைவெளிகளைக் காட்டும் அடையாளங்களே, அச்சில் வருவதில்லை. இது தெரியாமல் அவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்ததால், சில பத்திகளில் சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிகள் மறையும், மறுபடி அழுத்தினால் தோன்றும். பகுதிகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி இடுவது அவருடைய வழக்கம். ஷிஃப்டுடன் 8ஐ அழுத்தும்போது விரல் கண்ட்ரோலிலும் பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஓரங்கள் மறைந்ததற்கு, இரண்டு பக்கங்கள் சந்திக்கும் கோட்டின் மேல் மவுஸை இருமுறை சொடுக்கியதே காரணம். அதே இடத்தில் மீண்டும் இருமுறை சொடுக்கியதும் அவை திரும்பிவிட்டன.

உண்மையான சிக்கல் வேறொன்று: கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுத்தின் அளவையே 24 ஆக்கி வைத்திருந்ததால், அரைப் பக்கக் கடிதம் கூட அச்சில் இரண்டு மூன்று தாள்களுக்கு நீண்டது. எழுத்தை 12க்குக் குறைத்துவிட்டு, கண்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டித் திரையை மட்டும் பெரிதாக்கக் காட்டிக்கொடுத்தேன். "அப்படியானால் தாளில் மாறாதா?" என்று கேட்டு, ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்த பிறகே நம்பினார்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் எழுதிய பழைய கடிதங்கள் மட்டும் இன்னும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரிகின்றன. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை. அதை நிறுவிய பின், அவற்றை, அந்த எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற இருக்கிறேன்.