படப் பலகையில் களி இல்லை

பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்:
பேச்சு வராத என் ஆறு வயது மகன் படங்களைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்வதற்காகக் கிடைத்த படப் பலகையில் ரொட்டித் துண்டும் முள்கரண்டியும் இருக்கின்றன. அவன் நாள்தோறும் உண்ணும் கேழ்வரகுக் களி இல்லை. பசி என்று சொல்லவே வெகுநேரம் தேடுகிறான். என்ன செய்யலாம்?

பேச்சுப் பயிற்சியாளர், கிருஷ்ணகிரி:
உங்கள் வீட்டுத் தட்டிலேயே களி உருண்டையை வைத்துப் படமெடுத்து ஒட்டுங்கள். வாயால் பேசுவோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேச, படங்களைத் தொட்டுப் பேசுவோர் பெரும்பாலும் 15 சொற்களைக்கூட எட்டுவதில்லை என்பதால், 'வேண்டும்', 'போதும்' போன்ற அன்றாடச் சொற்களின் இடத்தை மாற்றாதீர்கள். விரலுக்கு இடம் பழகினால் தேடல் குறையும்.

ஒரு தந்தை, ஓசூர்:
எங்கள் வீட்டில் பாட்டியை 'அவ்வா' என்போம். அந்தச் சொல்லையே மகளின் படப் பலகையில் அவர் படத்தின்கீழ் எழுதினோம். மகள் தேடும்போது முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் காத்திருக்கிறோம்.

பென்னாகரத்துத் தாய்:
நன்றி. இன்றிரவே களியைப் படமெடுக்கிறேன்.