புதுப்பிப்பு: குழல் முனையில் கடைசியில் என்ன போட்டோம்

மகளின் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது) போடலாமா, குழலை நீளமாக்கும் வெறும் நீட்டுக் குழாய் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது. உண்மையில் கேள்வியே தப்பு.

சேலத்தில் அவளுக்குப் பயிற்சி தரும் அண்ணன் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) ரைபிள் போட்டிகளில் பிரேக், காம்பன்சேட்டர் (குழல் முனை மேலே எகிறாமல் தடுப்பது) இரண்டுக்கும் தடை. நீட்டுக் குழாயின் சுவரிலும் துளை இருக்கக் கூடாது. தடை இல்லாவிட்டாலும் பெரிய லாபம் கிடையாது. பிரேக் என்பது வெடிமருந்து வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைப்பது. பெரிய தோட்டாவுக்குச் சரி, பக்கத்தில் நிற்பவர் காதுதான் பாவம். ஏர் ரைபிளில் வெடிமருந்தே இல்லை! சுடும்போது வரும் நெருப்பை மறைக்கும் பிளாஷ் ஹைடரும் அப்படியே: மறைக்க நெருப்பு எங்கே?

அதனால் நீட்டுக் குழாய். குறி பார்க்க உதவும் முன் சைட் குழாயோடு தள்ளிப் போவதால் குறி பார்ப்பதில் வரும் சின்னப் பிசகு இலக்கில் அவ்வளவாகப் பெருகுவதில்லை. ஆனால் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. துப்பாக்கியின் இயக்கப் பகுதியின் பின்முனையிலிருந்து குழாய் நுனிவரை அதிகபட்சம் 850 மில்லிமீட்டர்தான். அளந்துவிட்டே வாங்கினேன்.

முதல் வாரம் முன்பாரம் தாங்காமல் தோள் வலி என்றாள். குழாயில் இருந்த எடை வளையம் ஒன்றைக் கழற்றினோம். இப்போது புகார் இல்லை. ஏற்காடு போகலாம் என்றால்கூட, ஞாயிறு பயிற்சி இருக்கிறதாம்.