பிஎம்எக்ஸ் பின்சக்கர ஹப்: கிரீஸ் இட்ட பின் சத்தம் அடங்கியது, ஆனால் பெடல் வழுக்குகிறது

அடையாறு ரைடர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பிஎம்எக்ஸ் (சாகச சைக்கிள்) வண்டியின் பின்சக்கரத்தில் 14 மி.மீ. அச்சும் 9 பல் டிரைவரும் (செயின் இழுக்கும் பல்சக்கரம்) கொண்ட கேசட் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உள்ளது. மிதிக்கும்போது ஹப்பின் உள்ளே இருக்கும் பல்வளையத்தைக் கவ்வும் நாக்குகள் டிரைவரில் நான்கு. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டியே இரண்டரை ஆண்டுகளாகப் பயிற்சி செய்வதால், உப்புக் காற்றும் மணலும் வண்டிக்குப் பழகிப்போனவை. சென்ற மாதம் பெருமழையில் நனைந்த பின் சக்கரம் சுழலும்போது கரகரப்பு கேட்டது. அருகிலிருந்த ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் ஹப்பைப் பிரித்துத் துடைத்து, லாரிச் சக்கரங்களுக்கு இடும் கெட்டியான கிரீஸை உள்ளே நிறைய அடைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். கரகரப்பு போனதோடு, ஹப்பின் வழக்கமான கிர்ரென்ற சத்தமும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதை நல்ல அறிகுறி என்றே எண்ணினேன்.

நேற்று முன்தினம் பன்னி ஹாப் (வண்டியோடு எம்பிக் குதித்தல்) செய்வதற்காக எழுந்து நின்று மிதித்தபோது, பெடல் பிடிமானமே இல்லாமல் முன்னோக்கி ஓடிவிட்டது. முழங்கால், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் மோதி வீங்கியிருக்கிறது. கிரீஸ் அதிகமானதால் இப்படி நடக்குமா? நானே பிரித்துச் சுத்தம் செய்ய முடியுமா? எதற்கு எந்த எண்ணெய், எவ்வளவு இட வேண்டும்?

கோவை பட்டறை

தம்பி, ஹப்பைத் திறந்து பார்க்கும் வரை வண்டியில் ஏற வேண்டாம். பிஎம்எக்ஸில் நின்றுகொண்டு முழு எடையையும் பெடலில் இறக்குகிறோம். அந்த நேரத்தில் வழுக்கினால் அடுத்த முறை அடிபடுவது பற்களாக இருக்கலாம்.

நீங்கள் கேட்டது நடக்கக்கூடியதுதான். ஒரே ஹப்புக்குள் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன என்பதை அந்தக் கடையில் கவனிக்கவில்லை. பேரிங்கின் குண்டுகள் உருள்வதற்கும் தண்ணீர் உள்ளே புகாமல் இருப்பதற்கும் ஓரளவு கெட்டியான கிரீஸ் தேவை. டிரைவரின் நாக்குகளோ, சின்னஞ்சிறு ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டும் நொடிதோறும் மடங்கி எழுந்து பல்வளையத்தைக் கவ்வ வேண்டியவை. கெட்டியான கிரீஸ் அந்தக் குழிக்குள் நிறைந்தால், ஸ்பிரிங் தள்ளினாலும் நாக்கு முழுவதும் எழாது; பல்லின் நுனியை மட்டும் பிடித்து, எடை விழுந்தவுடன் நழுவிவிடும். கிரீஸின் தர எண் கூடக் கூடக் கெட்டித்தன்மையும் கூடும். 2 என்ற தரம் பேரிங்குக்குப் பொருத்தமானது. நாக்குகளுக்கு அதுவே அதிகம். ஃப்ரீஹப்புக்கென்று (இதுபோல் நாக்குகள் உள்ள ஹப்புக்கென்று) விற்கும் மெல்லிய கிரீஸை இடுங்கள். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

நீங்களே தாராளமாகப் பிரிக்கலாம். 17 மி.மீ. சாக்கெட்டால் சக்கரத்தைக் கழற்றி, செயின் இல்லாத பக்கத்து நட்டைத் தளர்த்துங்கள். உள்ளே எது முதலில் வரும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால், ஒவ்வொரு பாகத்தையும் எடுத்தவுடன் கைப்பேசியில் படம் பிடித்து, அதே வரிசையில் துணிமேல் வைத்துவிடுங்கள். பேரிங்குகளுக்கு இடையே இருக்கும் சிறு குழாய்த்துண்டைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிரைவரை நேராக இழுக்கக் கூடாது. பின்னோக்கி மிதிக்கும் திசையில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுத்தால் நாக்குகள் மடங்கி வழிவிடும். ஓரங்கள் உயர்ந்த தட்டுக்கு மேல் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஸ்பிரிங் தெறித்தால் கண்டுபிடிப்பது கடினம்.

நாக்குகளையும் பல்வளையத்தையும் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, பனியன் வேஸ்டால் ஒற்றி எடுத்து, முழுவதும் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் பேரிங்குக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நீரை விலக்குவதற்காக உருவான திரவம் அது. பெயரே அதைத்தான் குறிக்கிறது. துரு விடுவிக்க உதவும், ஆனால் ஹப்புக்குள் நிலைத்து நிற்கும் உயவுப்பொருள் அன்று.

கழுவிய பின் வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கின் முனை கத்திபோல் நேர்க்கோடாக இருக்க வேண்டும்; உருண்டு பளபளத்தால் நாக்குகள் அனைத்தையும் ஸ்பிரிங்குகளோடு சேர்த்து மாற்றுங்கள். பழைய கிரீஸ் வெள்ளிநிறப் பசைபோல் மின்னினால் உலோகம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பல்வளையத்தையும் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு நாக்கின் அடியிலும் ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டு, நகத்தால் அழுத்தி விடுங்கள். டிக் என்று உடனே எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் இன்னும் அழுக்கோ அதிகப்படி எண்ணெயோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். எனக்கு நாக்கின் நிலையைச் சொல்வது சத்தமன்று, இந்தச் சோதனைதான்.

பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றும்போது நெறுநெறுத்தால், ரப்பர் மூடியை மெல்லிய பிளேடால் உள் ஓரத்திலிருந்து நெம்பித் தூக்கிப் பாருங்கள். துரு இருந்தால் மாற்றுவதே நல்லது. விளிம்பில் பொறித்த எண்ணைச் சொன்னால் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். துரு இல்லையென்றால் கழுவி, உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் வைத்து மூடுங்கள். புதிய பேரிங்கை இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் புதியதும் அன்றே கெட்டுவிடும்.

ஸ்கார்பரோவில் ஒரு தந்தை

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் மகனின் சைக்கிளிலும் இதே கோளாறு வந்தது, ஆனால் நவம்பர் குளிரில் மட்டும். வீட்டுக்குள் வைத்துப் பின்சில்லைச் சுழற்றினால் எல்லாம் சரியாக இருக்கும். வெளியே உறைநிலையை நெருங்கிய குளிரில் ஓடும்போது வழுக்கும். கதகதப்பில் இளகியிருந்த கிரீஸ் குளிரில் இறுகி, நாக்குகளைப் பிடித்துக்கொண்டதே காரணம் என்று அறிய இரண்டு வாரங்கள் சென்றன. இப்போது மெல்லிய ஒயில் மட்டும் விடுகிறோம். சத்தம் கூடிவிட்டது, ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு ஒருமுறை திறந்து மீண்டும் விட வேண்டியும் இருக்கிறது. ஆயினும் அவன் நம்பி மிதிக்கிறான். எனக்கு அது போதும்.

சமதளக்காரன்

இந்தத் திரியைப் பின்னர் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. உங்களுடையது ஃப்ரீகோஸ்டர் ஹப் (வண்டி பின்னோக்கி உருளும்போது பெடல் சுழலாத வகை) என்றால் மேலே சொன்ன முறை பொருந்தாது. அதில் நாக்குகள் இல்லை. டிரைவரின் சுருள்மரையில் கிளட்ச் நகர்ந்து ஹப்பின் உட்சுவரைப் பிடிக்கிறது. பிடிக்கும் பரப்பில் தவறான எண்ணெய் பட்டால் அதுவும் வழுக்கும். எந்த இடத்தில் எதை இடுவது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அடையாறு ரைடர்

மிக்க நன்றி, கோவை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தேன். நான்கு நாக்குகளில் இரண்டு, குழிக்குள் பழுப்பு நிறக் கிரீஸில் புதைந்து அசைவின்றிக் கிடந்தன. மூன்றாவதன் ஸ்பிரிங் வளைவில் உடைந்திருந்தது. அத்தனை நாளும் ஒரே ஒரு நாக்கை நம்பி மிதித்திருக்கிறேன் என்று எண்ணும்போது நடுக்கமாக இருக்கிறது. நாக்குகளின் முனைகள் நன்றாக இருந்ததால் ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றி, தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளியாக விட்டேன். நான்கும் நகத்துக்கு டிக் டிக்கென்று எழுகின்றன. கிர்ரென்ற சத்தமும் திரும்பிவிட்டது.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. டிரைவரைப் பிடித்து ஆட்டினால் மட்டும் இலேசான ஆட்டம் தெரிகிறது. அச்சு இறுக்கமாகவே உள்ளது.

கோவை பட்டறை

அது டிரைவருக்குள் இருக்கும் பேரிங், தம்பி. செயின் இழுக்கும் பலம் முழுவதும் அதன்மேல் விழுவதால் பெரும்பாலும் அதுதான் முதலில் தேயும். உங்கள் செயின் வீணைத் தந்திபோல் விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக ஏறக்குறைய 1 செ.மீ. அசைய வேண்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள்.

அடையாறு ரைடர்

அளந்தேன். அந்த இடத்தில் சிறிதும் அசையவில்லை. சக்கரத்தைச் சற்று முன்னே நகர்த்தி மீண்டும் இறுக்கியிருக்கிறேன். டிரைவர் பேரிங்குகள் இரண்டையும் சொல்லி வைத்திருக்கிறேன்; அவை வந்து மாட்டும் வரை வண்டி வீட்டிலேயே இருக்கும்.