ஐந்து ஏக்கர் நஞ்சைக்காக மேலாளர் வேலையை விடலாமா?

வெண்ணாற்றங்கரை கேட்கிறார்:

எனக்கு வயது 39. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பதால் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் அழைப்புகள் நள்ளிரவைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமையும் மடிக்கணினியை மூடிவைக்க முடிவதில்லை. மன்னார்குடிக்கு அருகில் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. குறுவை, சம்பா என்று இரண்டு போக நெல்லையும் இதுவரை அவரே முன்னின்று செய்துவந்தார். இப்போது 72 வயதாகிறது. இந்தச் சம்பாவோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். குத்தகைக்கு விடுவதா, விற்பதா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மாறுதல் கேட்கத் தயாராக இருக்கிறார். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுக் கடனுக்கு மாதம் 38,000 ரூபாய் கட்டுகிறோம். இப்படித் திரும்பியவர்களும், திரும்பிய பின் மறுபடி வேலைக்குப் போனவர்களும் பதில் சொன்னால் நன்றி. மன நிம்மதியைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன்; எனக்கு வேண்டியது கணக்கு.

கோரையாறு:

சகோதரிக்கு வணக்கம். நம் பக்கத்து 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு 35 மூட்டை கண்டால் நல்ல விளைச்சல். அதாவது 21 குவிண்டால். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் அரசுக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு, பொது ரகத்துக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். ஆக ஏக்கருக்கு 52,500 ரூபாய் வரும். உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்த்து என் வயலில் 30,000 ரூபாயை ஒட்டி ஆகிவிடுகிறது. மீதி 22,500. ஐந்து ஏக்கரில் இரண்டு போகமும் குறையில்லாமல் விளைந்தால் ஆண்டுக்கு 2,25,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 19,000 கூட வராது. தங்கள் கடன் தவணையில் இது பாதிதான்.

இதுவும் நல்ல ஆண்டின் கணக்கு. 2023-இல் மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தும், கர்நாடகத்திலிருந்து உரிய நீர் வராததால், தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் குறுவை கருகியது. 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28 அன்றுதான். ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்கள் குறுவையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விளைந்த பிறகும் வேலை முடியாது. குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சாலையோரம் கொட்டிய நெல்லைப் பகலில் கிளறிவிட்டுக் காயவைத்து, மேகம் கறுத்தால் ஓடிப்போய்ப் படுதா போட்டு மூடி, அடியில் இருக்கும் நெல் முளைவிடாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டே முறைக்குக் காத்திருக்க வேண்டும். காலையில் 18 காட்டிய நெல் மாலைத் தூறலுக்குப் பிறகு 21 காட்டும். தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதும். பதில் வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

குடமுருட்டி:

நான் வேலையை விட்டுப் பாபநாசம் பக்கம் திரும்பியவள். இப்போது வயலையும் வைத்துக்கொண்டு, பழைய துறையிலேயே பகுதிநேர ஒப்பந்தப் பணியும் செய்கிறேன். மேலே ஐயா சொன்ன கணக்குதான் அதற்குக் காரணம்.

இரவு அழைப்புகளிலிருந்து விடுபடலாம் என்பது தங்கள் எண்ணமாக இருந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீரை முறைவைத்து விடும் முறைப் பாசனம் வந்துவிட்டால் வாய்க்காலில் நம் மடைக்குத் தண்ணீர் பின்னிரவு இரண்டு மணிக்கும் வரும்; ஆளை அனுப்பினாலும் மடை அடைபடாமல் பார்க்க நாமும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அது சில இரவுகள்தான். அதற்காக எவரும் மறுநாள் என்னிடம் அறிக்கை கேட்பதில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

பெண் என்பதால் வரும் சிக்கலும் உண்டு. அறுவடை வண்டித் தரகர் முதல் உரக்கடைக்காரர் வரை, விலையை என்னிடம் பேசிமுடித்த பிறகும், "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா" என்று அப்பாவுக்குத்தான் தொலைபேசி செய்தார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் "அவங்க சொன்னதுதான்" என்று வைத்துவிடுவார். அதனால்தான் அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே பொறுப்பைக் கைமாற்றிக்கொள்வது நல்லது என்கிறேன்.

வரவுசெலவு:

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். முதலில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, தங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்பதைப் பாருங்கள். பங்கு எழுத்தில் தீராத நிலத்தில் பணத்தைப் போட்டுவிட்டால் பிறகு கேட்க முடியாது. பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் எல்லாவற்றுக்கும் நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள்.

இடைக்காலத்துக்கு என்று குத்தகைக்கு விடுவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 1955-ஆம் ஆண்டின் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு வலுவான பாதுகாப்பைத் தருகிறது. ஏழைச் சாகுபடியாளருக்கு அது நியாயமும்கூட. ஆனால் நினைத்தபோது நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையில் கொடுக்கக் கூடாது.

மருத்துவக் காப்பீடு இன்னொன்று. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனிக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், பதவி விலகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. தம்பி ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். வாயால் சரி என்று சொல்லியிருக்கிறான், எழுத்தில் எதுவும் இல்லை. பொங்கலுக்கு வரும்போது பேசிவிடுகிறேன். வேலையை உடனே விடாமல் ஒரு போகம் பொறுப்பெடுத்துப் பார்ப்பதென்றால் குறுவையா, சம்பாவா?

கோரையாறு:

சம்பாதான். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் 155 நாள் பயிர்; ஆவணியில் விதைத்தால் தை, மாசியில், மழை ஓய்ந்த பின் அறுக்கலாம். ஐந்து மாதமும் விடுப்பு வேண்டியதில்லை. நடவுக்குப் பத்து நாள், ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் தேங்கினால் வடிய வைக்கச் சில நாள், அறுவடைக்கும் கொள்முதலுக்கும் இரண்டு வாரம் என்று எடுத்தால் போதும். செலவுக் கணக்கைத் தாங்களே எழுதுங்கள். அப்பாவிடம் நிறுத்துவதை மட்டும் இன்னொரு சம்பா தள்ளிப்போடச் சொல்லுங்கள். எந்த மடையை எப்போது திறப்பது என்பதை அவர் வரப்பில் நின்று காட்டினால்தான் விளங்கும்.